சரிவில் காணாமல் போகும் புல்

என் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய மருமகளுக்கு,

மலையளவு பொறுப்பைச் சுமந்தும் மூச்சோடு இருக்கும் உன் மாமா எழுதுவது. நீ நலமென்றே நம்புகிறேன். இனி நான் சொல்லப்போவதைப் பூமியில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று முதலிலேயே உறுதி கூறுகிறேன்.

மாடு மேய்ந்து மொட்டையான உன் மலைச்சரிவில் இரண்டு மாதத்துக்குள் பச்சை தெரியாவிட்டால் மேய்ச்சல் அதிகாரி வேலி போட்டுவிடுவார், பன்னிரண்டு மாடுகளையும் விற்கவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுத்தானே நகரத்துக்குப் பயிற்சிக்குப் போனாய்? நீ சொன்னபடியே பழைய புல்வெளியில் விதை முற்றிய புல்லை அறுத்துக் கொட்டகையில் அடுக்கி, காலையில் சரிவெங்கும் விரித்தேன். விதை தானாக உதிரும் என்பது உன் திட்டம். மறுநாள் பார்த்தால் சரிவு என் தலையைப்போல் வழவழவென்று இருக்கிறது! கொட்டகையிலோ புல் குறையவே இல்லை. மறுபடி விரித்தேன், மறுபடி காணோம். காற்றா, களவா, மலையே பசித்துத் தின்கிறதா என்று புரியாமல் ஆறு நாள் விரித்ததில் இடுப்பு மூன்றாக உடைந்தது. ஏழாம் நாள் சாயங்காலம் பாறைக்குப் பின்னால் பதுங்கினேன். வந்தது யார்? உன் அத்தை!

"அடியே, என்னடி பண்றே?"

"பாத்தா தெரியலையா? மழை கட்டுது. காயப்போட்டுட்டு அப்படியே போயிடறீங்க, நனைஞ்சா மாடு தொடுமா? நான்தான் தினம் அள்ளி உள்ள வைக்கிறேன். ஒரு வார்த்தை நல்லதா சொன்னீங்களா?"

"அது காயப்போட்டது இல்லடி, விதைச்சது!"

"புல்லை விரிச்சா விதைச்சதா? நல்லா இருக்கே உங்க விவசாயம்!"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒரே புல்லை ஏழு முறை விரித்து ஏழு முறை உதறி அள்ளியதில் ஒரு விதை பாக்கியில்லாமல் மண்ணில் கொட்டிவிட்டது. மூன்றே வாரத்தில் முளைத்தது பார், ஆளுயரம்! அளக்க வந்த அதிகாரி உள்ளே வழிதவறி இரண்டு நாள் கூப்பாடு போட்டார். கடைசியில் உன் சிவப்பு மாடுதான் முட்டி வெளியே தள்ளியது.

உன் தொழுவம் நிறையட்டும், பயிற்சி சீக்கிரம் முடியட்டும்.

இடுப்பில்லாத உன் மாமா

பி.கு.: அத்தை கடிதத்தைப் படித்துவிட்டாள். திருத்தாவிட்டால் சாப்பாடு கிடையாதாம். விரித்தவள் அவள், நனையுமே என்று தினமும் அள்ளி உள்ளே வைத்த அறிவாளி நான். பாறைக்குப் பின்னால் பதுங்கியவளும் அவளே. அதிகாரி நாளைக்குத்தான் வருகிறார். புல் ஆளுயரம் இல்லை, என் சுண்டுவிரல் நகமளவு. ஆனால் சரிவு முழுக்க முளைத்திருக்கிறது. அது மட்டும் நிஜம். மாடுகளை விற்க ஆள் பார்க்காதே.