பத்தியக்காரர் வீட்டுப் பஜ்ஜி

சந்தானம் கதவு நிலையில் முதுகைச் சாய்த்து மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அனந்தலக்ஷ்மி கூடத்துக்கு வந்தாள்.

"ஏன்னா, நாலு மணிக்குப் பொண்ணு பார்க்க அவா வரா. இப்பவே இப்படித் தேச்சுண்டா எப்படி?"

"இப்பவே தேச்சுண்டாத்தான் நாலு மணிக்குத் தேச்சுக்காம இருக்கலாம். முன்கூட்டியே முடிச்சுக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் இல்லை. மகள் சாவித்ரிக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டில் அது சின்ன வயசு இல்லை.

அந்த நாள் கல்கத்தாவை நினைத்தால் இன்றைக்கும் மனசு இளகத்தான் செய்கிறது. விடியும்போதே குழாயில் கங்கை ஜலம் விட்டுத் தெருவைக் கழுவுவார்கள். டிராம் மணியைக் கேட்டே நேரம் சொல்லிவிடலாம். பவானிப்பூரில் நம்மவர்கள் பத்துக் குடும்பம் இருந்தால் அதிகம். மெட்ராஸ் மெயிலில் ஒருத்தர் வந்து இறங்கினால், என்ன ஊறுகாய் கொண்டுவந்திருக்கிறார் என்பது வரை சாயந்திரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் அரிப்பை எங்கே ஒளிப்பது?

எட்டு மாசமாக இந்தக் கூத்து. முதலில் கால் வீங்கியது. பிறகு கை, முதுகு, வயிறு என்று தடிப்புத் தடிப்பாகக் கிளம்பி அரிக்க ஆரம்பித்தது. சட்டர்ஜி டாக்டர் பார்த்துவிட்டு, கிட்னி சரியாக வேலை செய்யவில்லை, உள்ளே தங்குகிற கசடுதான் தோலை அரிக்கிறது, யாருக்கும் தொற்றாது என்றார். உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார்.

அன்றிலிருந்து சமையல் சாவித்ரி கைக்கு வந்தது. அப்பா ஒருத்தர் மட்டும் சப்பென்று சாப்பிடுவதை அவளால் பார்க்க முடியவில்லை. வீட்டில் எல்லோருக்குமே உப்பை எடுத்துவிட்டாள். மிளகு, சீரகம், கொத்தமல்லி, மேலே கந்தராஜ் எலுமிச்சையை ஒரு பிழி. ஒரு நாள் டாக்டர் அவளுடைய பூசணிக்காய்க் கூட்டை ஒரு கரண்டி ருசி பார்த்தார். உப்பில்லை என்று நம்பாமல் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மருந்தைவிடப் பேச்சு அதிகம் கொடுக்கிற நல்ல மனிதர்.

போன தை மாசம் பெண் பார்க்க வந்தவர்கள், சந்தானம் முழங்கையைச் சொறிந்ததைப் பார்த்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று கடுதாசி வந்தது. ஜாதகம் பொருந்திய பிறகுதான் அவர்கள் புறப்பட்டே வந்தார்கள்.

"அப்பா, வியாதின்னு சொல்லிட்டாத்தான் என்ன?" என்றாள் சாவித்ரி. "தொத்து இல்லேன்னு டாக்டரே சொல்லியிருக்காரே."

"யாரு நம்புவா?" என்றாள் அம்மா. "தடிப்பைப் பார்த்தா குஷ்டம்னுதான் நெனச்சுப்பா. நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தது சாவித்ரி ஒருத்திதான். அனந்தலக்ஷ்மி வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துச் சந்தானத்தின் உடம்பு முழுக்கப் பூசினாள். அரை மணி கழித்துக் கழுவினால் வேப்பிலை போயிற்று, மஞ்சள் போகவில்லை.

"இன்னிக்கு வரவா, பொண்ணு யாருன்னு குழம்பிப் போயிடுவா," என்றார் சந்தானம், கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே.

பீர்க்கங்கூட்டால் தேய்த்தார்கள். மஞ்சள் பாதி போனது. போன இடமெல்லாம் சிவந்து எழும்பிற்று. மாடி வராந்தாவிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த போஸ் வீட்டு வங்காளி மாமி மாஷிமா கடுகெண்ணெய்க் கிண்ணத்தோடு இறங்கி வந்தாள். இதைப் போட்டால் அரிப்பு மறந்துவிடும் என்றாள். பொய் சொல்லக்கூடாது, மறந்துதான் போயிற்று. எரிச்சலில் சந்தானத்துக்கு வேறு எதுவுமே ஞாபகம் வரவில்லை.

மணி மூன்றரை. மஞ்சளும் சிவப்புமாக, கடுகெண்ணெய் மணக்க நின்றவரை மறைக்க ஒரே வழிதான் இருந்தது. அலிப்பூர் ஆபீசுக்குக் குளிர்காலத்தில் மட்டும் போட்டுக்கொண்டு போகிற கறுப்புக் கம்பளிக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, கழுத்து வரை பொத்தான் போட்டாள் அனந்தலக்ஷ்மி. அது வங்காளிகளின் பாத்ரோ மாசம், நம்முடைய ஆவணி. பனை விசிறியே வியர்க்கிற புழுக்கம். கோட்டுக்குள்ளே எரிச்சல் தணிந்து, பழைய அரிப்பு இரட்டிப்பாகத் திரும்பி வந்தது.

சமையலறையில் வேறொரு சங்கடம்.

"பஜ்ஜிக்கும் உப்புமாவுக்கும் உப்புப் போடு," என்றாள் அம்மா. "பத்தியச் சமையல்னு தெரிஞ்சா, ஆத்துல யாருக்கு என்னன்னு கேப்பா."

"எவ்வளவு போடறது?"

அனந்தலக்ஷ்மி யோசித்தாள். எட்டு மாசத்தில் கை அளவு மறந்துவிட்டது. மாவை நாக்கில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் புரியவில்லை. சந்தானத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். உப்பு நாக்கில் பட்ட சந்தோஷத்தில் அவர், "இன்னும் கொஞ்சம் போடலாமே," என்றார். போட்டார்கள்.

நாலு மணிக்கு டாலிகஞ்சிலிருந்து அவர்கள் வந்தார்கள். பையன் வெங்கடராமனுக்குப் பாங்கில் உத்தியோகம். அப்பா மஹாதேவன் முழுக்கைச் சட்டை, மேலே சால்வை, அந்தப் புழுக்கத்திலும் காலுறை. பெரிய இடத்து மனுஷர்தான் என்று சந்தானம் மனசுக்குள் பயந்தார். அம்மா மீனாக்ஷி, பாயின் ஓரத்தில் உட்கார்ந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

கோட்டுக்குள் வலது தோள்பட்டை அரித்தது. சந்தானம் தோளில் பளாரென்று ஒரு அடி வைத்தார்.

"கொசு," என்றார்.

"ஆமாம்," என்று மஹாதேவன் தன் முழங்காலில் ஒன்று வைத்தார். "டாலிகஞ்சிலும் இப்படித்தான்."

அடுத்த பத்து நிமிஷத்துக்கு இரண்டு பேரும் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். வெங்கடராமன் தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்தான். கூடத்தில் ஒரு கொசு கூட இல்லை.

சாவித்ரி பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்து நமஸ்காரம் பண்ணினாள். வெங்கடராமன் தட்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். அவளும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்த ஒரு பார்வையைச் சந்தானம் கவனித்தார். இந்த இடம் மட்டும் கூடிவிட்டால் போதும், உடம்பு எப்படிப் போனாலும் போகட்டும் என்று இருந்தது அவருக்கு.

மஹாதேவன் ஆசையாக ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்தார். மெல்லுவது பாதியில் நின்றது. கஷ்டப்பட்டு விழுங்கி, ஒரு சொம்பு ஜலத்தையும் குடித்தார். மீனாக்ஷியைப் பார்த்தார். அவளும் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தாள்.

"பஜ்ஜி யார் பண்ணினது?" என்று கேட்டார் மஹாதேவன்.

"எல்லாம் சாவித்ரிதான்," என்றாள் அனந்தலக்ஷ்மி பெருமையாக. "நான் அடுப்பங்கரைப் பக்கமே போகலை."

மஹாதேவனுக்கு முகம் விழுந்துவிட்டது. சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "நல்லது. ஆத்துக்குப் போய்க் கலந்துண்டு கடுதாசி போடறோம்."

அந்தக் கடுதாசியைச் சந்தானம் ஏற்கெனவே படித்திருக்கிறார். வெங்கடராமன் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொள்ள மனசில்லாமல் நின்றான். உள்ளே வளையல் சத்தம் நின்று போயிருந்தது. சந்தானம் உள் பக்கம் திரும்பிப் பார்த்தார். எட்டு மாசம் முகம் சுளிக்காமல் அப்பாவுக்காக உப்பைத் துறந்த பெண். அவளுக்கு வந்த நல்ல இடம், அவருடைய தோலால் நழுவிப் போகிறது.

விடுவிடுவென்று கோட்டுப் பொத்தான்களை அவிழ்த்தார். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வந்தவர்கள் எதிரிலேயே கதவு நிலையில் முதுகைக் கொடுத்து ஆசை தீரத் தேய்த்துக்கொண்டார்.

"கொசுவும் இல்லை, ஒண்ணும் இல்லை," என்றார். "எனக்குக் கிட்னி வியாதி. அரிப்பு அதாலதான். யாருக்கும் தொத்தாது, குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. மறைச்சது என் தப்பு. அதுக்காக அவளை வேண்டாம்னு சொல்லிடாதேங்கோ."

அனந்தலக்ஷ்மி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதுவரை வாயே திறக்காத மீனாக்ஷி, அவள் பக்கம் திரும்பினாள்.

"மாமி, எங்காத்துக்காரருக்கும் அதே வியாதிதான். உப்பில்லாமலே அமிர்தமா சமைக்கற பொண்ணு பவானிப்பூர்ல இருக்கான்னு சட்டர்ஜி டாக்டர் சொல்லித்தான் நாங்க வந்ததே. அந்தப் பஜ்ஜியைக் கடிச்சதும், வேற யாராத்துக்கோ வந்துட்டோம்னு நெனச்சுட்டார்."