ஏரிக்கரையின் கடைசி வீட்டுக்காரர்

கடைசி வீட்டுக்காரர் என்றொரு இனம் உண்டு. நாணலை வெட்டி, பள்ளத்தில் மண்ணடித்து, ஏரிக்கரையில் வீடு கட்டிக் குடியேறிய மறுநாள் காலை, மாடியில் காபியும் கையுமாக நிற்கும்போதுதான் இந்த இனத்துக்கு ஞானம் பிறக்கும்: "இனிமே இங்க ஒருத்தனும் வீடு கட்டக்கூடாது!"

அந்த 'இனிமே'யைக் கவனித்தீர்களா? அவருடைய இயற்கைப் பற்று முழுவதும் அங்கேதான் குடியிருக்கிறது.

நம்முடைய கடைசி வீட்டுக்காரர் பல் டாக்டர். நோயாளி வாயைப் பிளந்துகொண்டு, மறுத்துப் பேச வழியில்லாமல் கிடக்கும் நேரம் பார்த்து மீனினம் அழிவதை விளக்குவார். நோயாளிகள் கண்ணீர் விடுவார்கள். தம் பேச்சுக்குத்தான் என்று அவருக்கு நம்பிக்கை.

இப்படிப்பட்டவருக்கு எதிரே ஒரு பேக்கரிக்காரர் மனை வாங்கி அஸ்திவாரம் தோண்டினால் பொறுப்பாரா? ஒரு மழை மாலையில், காரை வெளியே நிறுத்திவிட்டு, கார் ஷெட்டில் நாற்காலி போட்டுத் தெருவையே கூட்டிவிட்டார். முன்வரிசையில் பேக்கரிக்காரர்.

"புதுத் தண்ணி வந்தா மீனெல்லாம் முட்டை போட ஏரியிலேருந்து எதிரேறி மேல் குளத்துக்குப் போகும். அது போற வழியில நீங்க சுவர் வெச்சா, அதோட வம்சம் என்னாகும் சார்?"

நடிப்பில்லை, ஐயா, மனிதர் நிஜமாகவே அழுதார்.

வெளியே மழை வலுத்தது. தெருத் தண்ணீர் ஏரியைத் தேடி ஷெட்டின் முன்வாசலில் புகுந்து பின்வாசலில் ஓடியது. பின்வரிசையில் ஒரு பெண்மணி வீல் என்று கத்திக் காலைத் தூக்கினார். ஒரு கெண்டை! அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் ஒரு கல்யாணக் கூட்டமே ஏரியிலிருந்து ஏறி வந்து, நாற்காலிக் கால்களுக்கு நடுவே புகுந்தது; வயிறு புடைத்த தாய்மீன்கள் சிமெண்டுச் சரிவில் ஏற முடியாமல் துள்ளித் துள்ளி விழுந்தன.

"கூப்பிட்டீங்க, வந்துட்டாங்க," என்றார் டாக்டரின் மனைவி. "உக்காரச் சொல்லுங்க."

எல்லாரும் விழுந்து புரண்டு, வாளியிலும் குடையிலும் அள்ளிக்கொண்டு மேல் குளத்துக்கு ஓடினார்கள். டாக்டர் ஒரு தாய்மீனைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினார். வாழ்நாளில் அப்படி அவர் சந்தோஷப்பட்டதே இல்லை.

திரும்பி வந்ததும் பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டாக்டர் சார், இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. என் மனையில வாய்க்காலுக்கு இடம் விட்டுடறேன். உங்க ஷெட்டை எப்ப இடிக்கலாம்?"

டாக்டர் மீன் வந்த வழியைப் பார்த்தார். மழையில் நனையும் காரைப் பார்த்தார்.

"அவசரப்படக்கூடாது சார். மீனுக்கு அறிவு ஜாஸ்தி. அடுத்த வருஷம் அதுவே வளைஞ்சு போகக் கத்துக்கும்."

ஷெட் இடியவில்லை. மறுநாள் அதன் வாசலில் ஒரு பலகை முளைத்தது: 'மீன்கள் கடக்கும் இடம். மெதுவாகச் செல்லவும்.'

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த பெருமழையில் உங்கள் வீட்டு வாசலில் ஏதாவது துள்ளினால், வழிதவறி வந்துவிட்டது பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்கு வழி நன்றாகத் தெரியும்.