கரட்டுப்பட்டி ஜீப்புக்கு வந்த நோய்

பாரத நாட்டின் முன்னேற்றத்துக்குத் தோள்கொடுத்தது யார் என்று பிற்காலத்தில் ஒரு வழக்கு வந்தால், முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்ற வேண்டியது கரட்டுப்பட்டி ஊராட்சி ஒன்றியத்தின் ஜீப்பைத்தான். மற்ற ஒன்றியத்து ஜீப்புகள் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு வெறுமனே ஓடின. இது ஒன்றுதான் மக்களைத் திரட்டித் தன் பின்னால் நிறுத்தித் தள்ளவைத்தது.

அதற்கு நோய் என்று சொல்வது அபசாரம். காலையில் டிரைவர் சடையாண்டி காலால் ஸ்டார்ட்டரைத் தொட்ட மாத்திரத்தில் கிளம்பிவிடும். கொடைரோடு ஸ்டேஷனுக்கு மேலதிகாரியை அழைக்கப் போனால் போகும்போதும் கிளம்பும், வரும்போதும் கிளம்பும். கிராமத்துக் கூட்டம் முடிந்து திரும்பும்போதுதான் சந்தேகம். சில ஊரில் கிளம்பும். சில ஊரில் ‘க்ளக்’ என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. முறைக்காய்ச்சல் மாதிரி விட்டு விட்டு வந்தது. கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் இருக்கிறதே என்று யாரும் கேட்க வேண்டாம். அது 1961-இல் தணிக்கைக்காக மதுரைக்குப் போனது. இரண்டு வருஷமாகியும் தணிக்கை முடியவில்லை.

இந்த நோயால் சடையாண்டிக்கு இரண்டு மெமோ வந்திருந்தது. ‘அரசு வாகனத்தை மனம் நோகும்படி கையாண்டது’ என்பது குற்றம். நொந்தது யார் மனம் என்ற விவரம் மெமோவில் இல்லை. மூன்றாவது மெமோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நாலு வருஷமாகத் ‘தற்காலிக’ வேலை. வீட்டில் ஐந்து வாய். ஒவ்வொரு கூட்டம் முடியும்போதும் குலசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஸ்டார்ட்டரில் கால் வைப்பான்.

சேர்மன் பெருமாள்சாமி பேச்சில் புலி. மைக் இல்லாமல் அவர் ‘வணக்கம்’ கூடச் சொல்லமாட்டார். ஒன்றியத்தில் பாதி ஊருக்குக் கரண்ட் கிடையாது. அதனாலென்ன? புளியமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, ஆம்ப்ளிஃபையர் வயரை ஜீப் பேட்டரியில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. பேச்சின் தலைப்பு எங்கு போனாலும் ஒன்றுதான்: ‘இதோ வருகிறது மின்சாரம்.’

ஊத்துப்பாறை என்ற ஊரில் அவர் பேச்சில் மின்சாரம் ஒன்றேமுக்கால் மணி நேரம் வந்தது. முடிந்ததும் வண்டி ‘க்ளக்’ என்றது. ஊரே வந்து தள்ளியது. தள்ளியவர்களில் சிவனம்மாள் என்ற கூலிக்காரப் பெண்ணும் இருந்தாள். எட்டு மாசம். சடையாண்டிக்கு உடம்பு கூசிப்போயிற்று. இறங்கி ஓடினான்.

“ஏந்தாயி, உனக்கென்ன கிறுக்கா? தள்ளி நில்லு!”

“சும்மா இருங்கண்ணே,” என்றாள் அவள் மூச்சு வாங்க. “வண்டி நின்னா அவரும் நின்னுருவாரு. நின்னா திரும்பப் பேசுவாரே!”

ஒன்றிய வளர்ச்சி அதிகாரியான பி.டி.ஓ. ஞானராஜ் ஓரமாக நின்று தலைகளை எண்ணினார். மக்கள் மனமுவந்து தரும் உழைப்புக்குச் ‘சிரமதானம்’ என்று பெயர்; அதற்கு ஒரு பதிவேடு உண்டு. ஊத்துப்பாறை, நாற்பத்தொன்றரைப் பேர், ஒரு மணி நேரம் என்று எழுதினார். அரை யார் என்று சடையாண்டி கேட்டான். “பிறக்கப் போற குடிமகனை விட்டுட முடியுமாப்பா?” என்றார் ஞானராஜ். அவர் மிகவும் நேர்மையான மனிதர்.

நோயைக் கண்டறிய ஒரு ‘தொழில்நுட்ப ஆய்வுக் குழு’ அமைந்தது. தலைவர் ஞானராஜ். கால்நடை மருத்துவர், விவசாய அலுவலர், கூட்டுறவு அலுவலர் ஆகியோர் உறுப்பினர்கள். சடையாண்டி சேர்க்கப்படவில்லை. வண்டியைப் பற்றித் தெரிந்தவர் இருந்தால் நடுநிலை கெடும். கால்நடை மருத்துவர் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “தீனி சரியில்லை” என்றார். பெட்ரோலை மாற்றினார்கள். விவசாய அலுவலர் நிறுத்தும் இடத்து மண்ணைக் குறை சொன்னார். வண்டியைத் தெற்கு பார்த்து நிறுத்தினார்கள். பிளக் மாறியது, காயில் கம்பிச்சுருள் மாறியது, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கப்பட்டது.

என்ன ஆச்சரியம்! அடுத்த வாரம் ஐந்து ஊருக்குப் போய், ஐந்திலும் வண்டி கிளம்பியது. குழு தன்னைத் தானே பாராட்டித் தீர்மானம் போட்டு, காராசேவும் காபியும் சாப்பிட்டது. அந்த வாரம் சேர்மனுக்குத் தொண்டை கட்டியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. தொண்டை குணமாயிற்று. நோய் திரும்பிவிட்டது.

சடையாண்டி மனசு கேட்காமல் திண்டுக்கல் பேகம்பூரில் கிதர் முகம்மதுவின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனான். கிதர் முகம்மது பானெட்டைத் தொடவே இல்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “எங்கெங்க மக்கர் பண்ணுச்சு? ஒண்ணொண்ணாச் சொல்லு அப்பு,” என்றார்.

சொன்னான்.

“ஊத்துப்பாறையில எம்புட்டு நேரம் பேசுனாரு?”

“ஒண்ணேமுக்கா மணி.”

“கிளம்புன ஊர்லயெல்லாம்?”

“தொண்டை கட்டிருந்துச்சு பாய். கால் மணி, இருவது நிமிசம்...” சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

“அம்புட்டுத்தான்,” என்றார் கிதர் முகம்மது. “இன்ஜின் ஓடாம அரை மணி நேரம் மைக்குக்குக் கரண்ட் குடுக்கும் இந்தப் பேட்டரி. அதுக்கு மேல போனா செத்துரும். பேசுறப்ப இன்ஜின ஓட விடு, சரியாப் போகும்.”

“இத நீங்க வந்து சேர்மன்கிட்டச் சொல்லுங்களேன் பாய்.”

“நான் வண்டி வைத்தியம் பாக்குறவன்ப்பா. எனக்கு எதுக்கு வாய் வைத்தியம்?”

சடையாண்டியே துணிந்தான். “அய்யா பேசுறப்ப இன்ஜின ஓட விடலாங்களாய்யா?”

சேர்மன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “ஏலே, நான் பேசுறப்ப வேற எது உறுமுறதும் எனக்குப் பிடிக்காது.”

ஞானராஜ் அவனைத் தனியே அழைத்தார். ஜில்லாவிலேயே அதிகச் சிரமதானம் செய்த ஒன்றியம் என்று கரட்டுப்பட்டிக்குக் கேடயம் வந்திருந்தது. “வெட்டின ரோடு பாதி, தள்ளின ஜீப் பாதி. இப்பப் போய் வண்டி குணமானா அடுத்த வருஷக் கேடயம் என்னப்பா ஆகும்?”

கேடயத்துக்குப் பாராட்டு விழா ஊத்துப்பாறையிலேயே நடந்தது. மத்தியானம் மூணு மணி. மின்சாரம் வரத் தொடங்கி இருபது நிமிஷம் ஆகியிருந்தபோது மருத்துவச்சி லூர்தம்மாள் ஜீப்பிடம் ஓடிவந்தாள்.

“தம்பி, சிவனம்மாளுக்கு வலி கண்டுருச்சு. பிள்ள குறுக்க கெடக்கு. என் கையில இல்ல. இப்பவே திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போயாகணும்.”

சடையாண்டி ஞானராஜின் கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். இன்னும் பத்து நிமிஷம்தான் பேட்டரிக்கு உயிர். காதோடு காதாக விஷயத்தைச் சொன்னான்.

“சேர்மன் பேச்சுல இப்பத்தான் அணைக்கட்டுக்கு வந்திருக்காரு,” என்று ஞானராஜ் கிசுகிசுத்தார். “கம்பி இழுத்து, கம்பம் நட்டு, ஊருக்குள்ள வந்து முடிக்கட்டும். அதுக்கப்புறம் எல்லாருமாத் தள்ளுவோம்.”

போன மாதம் அவள் வயிற்றை வைத்துக்கொண்டு இதே வண்டியைத் தள்ளியது சடையாண்டிக்குக் கண்முன் வந்து நின்றது. மெமோவும் வந்து நின்றது. வீட்டில் ஐந்து வாயும் வந்து நின்றது. கை மட்டும் நிற்கவில்லை. பானெட்டைத் திறந்து வயரைப் பிடுங்கியது.

“இதோ உங்கள் வாசலுக்கே மின்...” என்றது புளியமரம். அப்புறம் பேசவில்லை. மேடையில் சேர்மனின் வாய் அசைந்துகொண்டிருந்தது. முதல் வரிசைக்குக் கூடக் கேட்கவில்லை. சடையாண்டி ஸ்டார்ட்டரை மிதித்தான். வண்டி ஒரே மிதியில் கிளம்பியது. ஊர் கைதட்டியது. அந்த மேடைக்கு அன்றுவரை அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை. சிரமதானப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதிவிட்டு ஞானராஜ் கேடயத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாராம்.

மூன்றாவது மெமோ மறுநாளே வந்தது. குற்றம்: ‘தள்ளுவதற்குப் பொதுமக்கள் தயாராக இருந்தும், வாகனத்தைத் தானாகக் கிளம்பச் செய்தது.’ ஆய்வுக் குழு கூடியது. சேர்மனே தலைமை தாங்கினார்.

“ஒரு வருஷமாக் கிளம்பாத வண்டி, நான் பேசிக்கிட்டிருக்கப்ப மட்டும் எப்படிலே கிளம்புச்சு?”

சடையாண்டி கைகட்டித்தான் நின்றான். குரல் மட்டும் கைகட்டவில்லை.

“உங்க பேச்சு நின்னுச்சுங்கய்யா. வண்டி கிளம்பிருச்சு. அம்புட்டுத்தான் அதுக்கு நோயி.”

அந்த அறையில் மைக் இல்லை. ஆனாலும் வாசலில் நின்ற பியூன் வரைக்கும் கேட்டது. குழு உறுப்பினர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு ஒருமனதாகக் கூட்டக் குறிப்பில் கையெழுத்திட்டார்கள்:

‘வாகனத்தின் கோளாறு கண்டறியப்பட்டது. டிரைவரான அவர் இன்று மாலை முதல் வேலையில் இல்லை.’