நட்டமில்லாமல் விடுவது

"உங்களுக்கு இது கட்டாது நானா," என்றார் மருந்துக்கடை செல்வநாயகம், எடுத்த பெட்டியைத் திரும்பவும் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துக்கொண்டே.

பக்கீர் நானாவுக்குச் சுருக்கென்றது. வவுனியாச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் மனுஷன். போர் ஓய்ந்து பாதை திறந்ததும் முல்லைத்தீவுச் சரக்கை முதலில் கொண்டுவந்து இறக்கியவரும் அவர்தான். அவரைப் பார்த்து ஒரு பொருள் கட்டாது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"ஏன் கட்டாது?"

"ஒரு நாளைக்கு எத்தினை சிகரெட் பத்துவீங்கள்?"

"நாலு. கடைக்குப் பின்னால நிண்டு. வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாது எண்டுதான் நினைச்சிருந்தனான்."

"நாலு பத்துறவருக்குச் சிகரெட்டை விட இந்த நிக்கோட்டின் சூயிங்கம் விலை கூட. இருபது ஊதுறவர் எண்டால் ரெண்டு மாசத்தில போட்ட காசு திரும்பிடும். பிறகெல்லாம் லாபம். நீங்கள் சும்மாவே விடலாம்."

சும்மா விட முடிந்தால் பக்கீர் ஏன் பாமசிப் படியேறுகிறார்? விஷயம் பேரன். கலியாணம் முடித்துப் புத்தளம் போயிருந்த மகள் றிஸ்மியா, பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்தாள். பேரன் பிறந்த சந்தோஷத்தில் கடையிலிருந்து ஓடிவந்து தூக்கப் போனவரை அவள் கை காட்டி மறித்துவிட்டாள்.

"வாப்பா, இந்த மணத்தோட பிள்ளைக்குக் கிட்ட வராதீங்கோ."

சிகரெட் மணத்தை மறைக்கத் தினமும் வீட்டுக்கு வருமுன் மெல்லும் கராம்பு கைவிட்டுவிட்டதே என்று பக்கீர் வெட்கப்பட்டுப்போனார். பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடிந்தால் மருமகன் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அதற்குள் ஒரு தடவையாவது அந்தப் பிள்ளையை நெஞ்சோடு அணைக்க வேண்டும். அந்த ஆசை அவரைப் படுத்தாத பாடு படுத்தியது.

பெட்டியை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் வயிறு எரிந்தது. தெரிந்துகொண்டே நட்டத்துக்கு வாங்குவதா? சைக்கிளை உருட்டிக்கொண்டு போனவருக்கு மணிக்கூட்டுக் கோபுரம் வருமுன்னே வழி பிறந்தது. மருந்து இருபது பத்துகிறவனுக்குத்தான் கட்டுமென்றால், இருபது பத்துகிறவனாக மாறினால் போயிற்று!

கடையில் வேலை செய்யும் வீரகத்தி வாயைப் பிளந்தான்.

"முதலாளி, இது இண்டைக்குப் பதினோராவது."

"தெரியும். மருந்தை லாபமாக்கிறன்."

"இருமுறீங்கள்."

"முதல் போடாமல் லாபம் வருமோ?"

ஒரு கிழமையில் இருபதைத் தொட்டார். இருட்டியபின் வீட்டுக்கு வந்து அறை வாசலில் நின்று கேட்டார்.

"மகள், இப்ப மணம் எப்பிடி?"

"அப்பிடியே இருக்கு வாப்பா."

அதில் பக்கீருக்குக் கொஞ்சம் ஆறுதல். நாலு இருபதான பிறகும் மணம் கூடவில்லையே!

இனி மருந்து. சூயிங்கத்தைச் சிக்கனமாகக் கருவாடு வெட்டும் கத்தியால் பாதி பாதியாக நறுக்கினார். இருபது சிகரெட் ஆசைக்குப் பாதிச் சூயிங்கம் எந்த மூலைக்கு? முழுசாக மென்றார். பெட்டி முடிந்தது, ஆசை முடியவில்லை.

"இப்ப நீங்கள் இருபது பத்துற ஆள். கூடின மருந்து வேணும்," என்று செல்வநாயகம் பெருமூச்சு விட்டார். "தோளில ஒட்டுற பிளாஸ்டரும் இருக்கு. கொழும்பிலயிருந்து எடுப்பிக்க வேணும்."

"எடுப்பியுங்கோ. இனி எனக்குக் கட்டும்தானே?"

விலையைக் கேட்டு வீரகத்தி சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டான். ஆனால் மருந்து வேலை செய்தது. பக்கீர் இருபதிலிருந்து பத்துக்கும், பத்திலிருந்து ரெண்டுக்கும் இறங்கி, ஒருநாள் ஒன்றுமே பத்தாமல் வீட்டுக்கு வந்தார்.

"மகள்?"

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "இருக்கு வாப்பா."

மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த நாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. மற்றத் தோளிலும் ஒரு பிளாஸ்டர் ஒட்டிப் பார்த்தார். தலை சுற்றியதுதான் மிச்சம்.

"ஒண்டு சொல்லட்டே நானா, சிகரெட்டை விட்டால் மூக்கு நல்லா வேலை செய்யும்," என்று செல்வநாயகம் தேற்றினார்.

மறுநாள் கடையைத் திறந்த பக்கீர் மூக்கைப் பொத்தினார்.

"வீரகத்தி, இந்த அறக்குளா மீன் கருவாட்டுச் சாக்கு பழுதாப் போச்சு."

"இல்லை முதலாளி, நல்ல சரக்கு."

"அப்ப அந்தத் திருக்கை?"

"அதுவும் நல்ல சரக்கு. எல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கு."

மருந்துதான் மூக்கைக் குழப்புகிறதென்று பக்கீர் முடிவு செய்தார்.

நாற்பது முடிந்தது. மருமகன் றம்சீன் வான் வண்டியோடு வந்து பெட்டிகளை ஏற்றத் தொடங்கினான். தகவல் கேட்டுக் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்த பக்கீர், இனி மானம் பார்த்து என்ன என்று, எல்லார் முன்னாலும் சேர்ட்டைக் கழற்றி இரண்டு தோளிலும் ஒட்டியிருந்த பிளாஸ்டரைக் காட்டினார்.

"மகள், நாலு இருபதாகி, இருபது பூச்சியமாகி, ஒரு லொறிக் கருவாட்டு லாபம் மருந்துக்குப் போச்சு. இனி என்னால ஏலாது. சிகரெட்டை விட்டிட்டன், அல்லாஹ் மேல ஆணை! ஒருக்காப் பிள்ளையைத் தா."

மனைவி ஜொஹறா நெஞ்சில் கைவைத்தாள். "சிகரெட்டோ? நீங்களோ?"

றிஸ்மியா தகப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"வாப்பா, நான் சொன்னது கருவாட்டு மணத்தை. கிணத்தடியில சவுக்காரக் கட்டி கிடக்கு, தேச்சு முழுகிப்போட்டு வாங்கோ, பிள்ளையைத் தாறன்."