கம்பி சாரின் பின் சக்கரம்

ஜெயிலுக்குப் போகாமலே தினமும் கம்பி எண்ணிய மனிதர் காஞ்சிபுரத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் ஆபீஸ் கம்பி சார்.

அறுபதுகளின் கடைசியில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் நான் டைப்பிஸ்ட். அவர் தபால் குமாஸ்தா. அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டோம். நாற்பது வயது, கல்யாணம் ஆகாதவர், ஆளும் கம்பி மாதிரிதான் இருப்பார். அரக்கோணத்தை விட்டுப் போன ஒரு ரயில்வேக்காரரிடம் வாங்கிய லேசான சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். அலுமினிய ரிம். இரண்டு முனையும் தடித்து நடுவில் மெலிந்த ஸ்போக்ஸ் கம்பிகள். ஒற்றை விரலால் சைக்கிளைத் தூக்கிக் காட்டுவார். யாரும் கேட்காவிட்டாலும் காட்டுவார்.

காலையில் வந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்து, முன் சக்கரத்தில் முப்பத்திரண்டு, பின் சக்கரத்தில் நாற்பது என்று ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொட்டு எண்ணிய பிறகுதான் கையெழுத்துப் போடுவார். பாதியில் யாராவது வணக்கம் சொல்லிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். மேனேஜர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்பா, எவனாவது வந்து ஒரே ஒரு கம்பியை மட்டும் உருவிக்கினு போவானா?"

"திருட்டுக்குப் பயந்து எண்றதில்ல சார். ஒண்ணு லூசா இருந்தா, பக்கத்துல இருக்கிற ரெண்டும் அதோட பாரத்தையும் சேத்து சொமக்குது. பாவம் இல்லையா?"

எங்கள் ஆபீஸில் யார் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பது மேனேஜருக்கும் தெரியும். உள்ளே போய்விட்டார்.

புதுக் கம்பி வாங்கினால் அதை ஜரிகை நிறுக்கும் தராசில் கொண்டுபோய் வைப்பார். பத்தில் எட்டைத் தள்ளிவிடுவார். "இது தடி. இது உலக்கை." ஊரில் எல்லாக் கடையிலும் கிடைப்பது பதிமூணாம் நம்பர் கம்பி, அவருக்கு வேண்டியது பதினஞ்சு. நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதை எனக்கு விளக்க ஒரு முழு காலைப் பொழுதைச் செலவழித்தார். அன்று நான் டைப் அடித்த அரசாங்கக் கடிதம் ஒன்றில் 'பதினைந்தாம் நம்பர் கம்பி' என்று ஒரு வரி விழுந்து, அது மெட்ராஸ் வரைக்கும் போய், விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது.

கனம் என்றாலே அவருக்கு ஆகாது. மட்கார்டைக் கழற்றினார், கேரியரைக் கழற்றினார், பெல்லையும் கழற்றிவிட்டு "ஓரம், ஓரம்" என்று வாயாலேயே சொல்லிக்கொண்டு போவார். மழை பெய்தால் கழுத்திலிருந்து இடுப்பு வரை சட்டையில் சேற்றுக் கறை வேட்டிக்கரை மாதிரி ஓடும். சட்டைப் பையில் பேனாவோடு இரண்டு ஸ்பேர் கம்பி செருகியிருக்கும். ஆனால் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலைக் கழற்றும் சாவியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுவார். அது கனமாம்.

அதுதான் வினையாயிற்று. மாகறலில் எங்கள் சங்கத்துக்கு ஒரு கிளை இருந்தது. மாதம் ஒரு தடவை தபால் கொண்டுபோவார். அப்படிப் போன ஒருநாள், பாலாறெல்லாம் தாண்டி மாகறலை நெருங்கும்போது பின் சக்கரத்தில் டிங் என்று ஒரு கம்பி அறுந்தது. அதுவும் ஃப்ரீவீல் பக்கம்; அதைக் கழற்றாமல் புதுக் கம்பி நுழையாது. கம்பி சட்டைப் பையில் இருக்கிறது, சாவி காஞ்சிபுரத்தில் இருக்கிறது. மீதிக் கம்பிகளைச் சிரமப்படுத்த மனமில்லாமல் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்தார்.

எதிரே சைக்கிளில் ஒரு நர்ஸம்மா வந்தார். சுற்று வட்டாரத்துக்கெல்லாம் பிரசவம் பார்ப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், நல்ல குரல்.

"என்னங்க, சைக்கிளுக்கு உடம்பு சரியில்லையா?"

"கம்பி ஒண்ணு போயிடுச்சிங்க."

"ஒண்ணுதானே? மிச்சமெல்லாம் இருக்குது இல்ல? ஏறி மிதிங்க."

கம்பி சாருக்குக் காது அடைத்துவிட்டது. குனிந்து அந்த அம்மாவின் சைக்கிளைப் பார்த்தார். பின் சக்கரத்தில் மூன்று கம்பியைக் காணோம். நாலாவது முறிந்த இடத்தில் பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது.

"இது இன்னாங்க?"

"முறிஞ்சா கட்டு போட மாட்டாங்களா? ரெண்டு வருஷமா ஓடுது."

அன்று சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றி ஊர் வந்து சேர்ந்தவர், மறுநாளே சாவியும் கம்பிகளுமாகத் திரும்பிப் போனார். அந்தச் சக்கரத்துக்கு நாலு கம்பி மாற்றி, கோட்டம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் போய் முன் சக்கரத்தைப் பார்த்தார். அதற்கு அடுத்த வாரம் மறுபடி பின் சக்கரம்.

மாதம் ஒரு தடவை போன மாகறல் தபால் வாரம் மூன்று தடவை போக ஆரம்பித்தது.

"இன்னைக்கு இன்னாப்பா தபால்?" என்றார் மேனேஜர்.

"நேத்து அனுப்பின தபால் வந்து சேந்துச்சான்னு கேட்டு ஒரு தபால் சார்."

"நேத்து நீதானே கையில கொண்டுபோய்க் குடுத்தே?"

"எழுத்துல வாங்கிக்கிறது நல்லது சார்."

பிறகு ஒரு திங்கட்கிழமை, கம்பி சார் கம்பி எண்ணாமல் நேராக வந்து கையெழுத்துப் போட்டார். மொத்த ஆபீஸும் எழுந்து வாசலுக்குப் போனது. பின் சக்கரத்தில் பழைய மெல்லிய கம்பி ஒன்றுகூட இல்லை. நாற்பதும் பதிமூணாம் நம்பர். மேலே புத்தம் புதுக் கேரியர், அதன்மேல் சின்னதாக ஒரு மெத்தை.

"என்ன சார் இது?" என்றேன்.

"மெல்லிசுக் கம்பி ஒருத்தருக்குத்தாம்மா சரி. ரெண்டு பேர்னா தாங்காது." முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நர்ஸம்மா சம்மதம் சொல்லிட்டாங்களா?"

"இன்னும் கேக்கல. மொதல்ல வீலு ரெடி ஆவட்டும்னு இருந்தேன்."

அன்று சாயங்காலமே போனார். மறுநாள் வந்து என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார். கேரியரைக் காட்டி, இதில் என் கூட வருகிறீர்களா என்று கேட்டாராம். "எனக்குத்தான் சைக்கிள் இருக்குதே, நான் எதுக்கு உங்க பின்னாடி குந்திக்கினு வரணும்?" என்றாராம் நர்ஸம்மா. அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்காமல் இவர் கம்பி நீட்டிவிட்டார்.

மூன்று நாள் தபால்களில் ஸ்டாம்பைத் தலைகீழாக ஒட்டினார். டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடினார். மேனேஜரே, மாகறலுக்கு ஏதாவது தபால் இருக்குதா பாருங்கப்பா என்று தேடச் சொன்னார். இல்லாத தபால் ஒன்றை நானே டைப் அடித்து நீட்டினேன். "பஸ்ல அனுப்பிடும்மா" என்றுவிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம், உச்சி வெயிலில், வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். கையில் மருந்துப் பெட்டி. பார்த்ததுமே எங்களுக்குப் புரிந்துவிட்டது.

"கம்பி எண்றவரு இருக்காரா?"

கம்பி சார் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

"கேரியர்ல குந்த மாட்டேன்னுதானே சொன்னேன்? கட்டிக்க மாட்டேன்னா சொன்னேன்? பாதிப் பேச்சுல எழுந்து ஓடுனா இன்னா அர்த்தம்?"

"இல்லீங்க... நாப்பது கம்பியும் மாத்திட்டேனே..."

"மாத்துனது மாத்துனபடியே இருக்கட்டும். இந்தப் பெட்டி அதுல குந்திக்கினு வரட்டும். தூக்கித் தூக்கி எனக்குக் கை நோவுது."

சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியை அவர் மேஜைமேல், தபால்களுக்கு நடுவில் வைத்தார். கம்பி சார் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கனமான பெட்டிதான். கீழே வைக்கவே இல்லை.

அந்தத் தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மாகறலிலேயே குடியேறினார்கள்.

அடுத்த வருஷம் ஒருநாள் நான் உத்திரமேரூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பஸ் திடீரென்று நத்தை மாதிரி ஊர்ந்தது. எட்டிப் பார்த்தால், ரோட்டை முழுக்க அடைத்துக்கொண்டு இரண்டு சைக்கிள் சோடியாகப் போகின்றன. கம்பி சார் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறார். அந்த அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். பின்னால் ஒரு பஸ் வருவது இரண்டு பேருக்குமே தெரியவில்லை. டிரைவர் ஹார்னில் கை வைத்தார்.

"மெதுவாவே போங்கண்ணா," என்றேன். "எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."