ஒன்பது ஏக்கருக்கு இரண்டு முதலாளிகள்

சுகர் லேண்ட், டெக்சஸ்
புதன்கிழமை

மரியாதைக்குரிய நாச்சிமுத்து அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வேலுமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், ஜலஜா, அனன்யா, பதினெட்டு ஆடுகள் எல்லோரும் சுகம். அங்கே நீங்கள், அண்ணி, உங்கள் செல்போன் மூவரும் சுகமா? முதல் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

இந்தக் காலத்தில் எதற்குக் காகிதக் கடிதம் என்று யோசிப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் அரை நிமிடத்தில் பொள்ளாச்சி முழுக்க ஃபார்வர்ட் பண்ணிவிடுகிறீர்கள். காகிதம் என்றால் பஸ் ஏறிப் போய்த்தான் காட்ட வேண்டும்.

நான் வாங்கியது ஒன்பது ஏக்கர். நீங்கள் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி அது தொண்ணூறாகி, போன மாதம் அத்தை கூப்பிட்டு, "தொள்ளாயிரம் ஏக்கர ஒத்தையாளா எப்படிப்பா பாக்கற?" என்று கேட்டார். போகட்டும், பெருமைதானே என்று விட்டேன். ஆனால் தினமும் காலையில் வீடியோவில் வந்து பண்ணையை நிர்வாகம் பண்ண ஆரம்பித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் என் கிரகம் பிடித்தது. "ஆடெல்லாம் ஏண்டா இப்படி எலும்பா நிக்குது? வேலியத் தொறந்து விடு, காலாற மேஞ்சுட்டு வரட்டும்" என்றீர்கள். தொறந்து விட்டேன். காலாற மேய்ந்துவிட்டுத்தான் வந்தன, பக்கத்துக் குடியிருப்பில் இருந்த மூன்று வீட்டு ரோஜாச் செடிகளை. போலீஸ்காரர் வந்துவிட்டார். நான் பவ்யமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையிலிருந்து உங்கள் குரல்: "போனை அவருகிட்டக் குடுடா, நான் பேசிக்கறேன்!" பேசினீர்கள். "சார், குட் மார்னிங். மை பிரதர், வெரி இன்னசன்ட் பாய்." எனக்கு ஐம்பத்தெட்டு வயசு அண்ணா. பண்ணைக்கு ஓனர் யார் என்று அவர் கேட்டதும், "மீ ஒன்லி, சார்!" என்றீர்கள். எச்சரிக்கை நோட்டீஸ் உங்கள் பெயரில் வந்திருக்கிறது, இணைத்துள்ளேன். மகள் அனன்யா அதைப் படித்துவிட்டு, "டாட், ஸோ பெரியப்பா இஸ் யுவர் பாஸ்?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகாவது சும்மா இருந்தீர்களா? பிளானோவில் மகன் வீட்டுக்கு வந்திருந்த உங்கள் சிநேகிதர் வெங்கடகிருஷ்ணனை நாலு மணி நேரம் கார் ஓட்டவைத்து என் பண்ணையை இன்ஸ்பெக்‌ஷன் பண்ண அனுப்பினீர்கள். ஜலஜா போட்ட காபியைக் குடித்தார், ஆடுகளின் தண்ணீர்த் தொட்டி அடைத்திருக்கிறது என்றார், நான் புழுக்கை அள்ளுவதைப் படம் எடுத்தார், போய்விட்டார். மறுநாள் குடும்ப குரூப்பில் அந்தப் படம். கீழே, "அமெரிக்காவுல நம்ம இன்ஜினியர்." அக்கா அழுதுகொண்டே கூப்பிட்டு, "வேலை போயிருச்சாடா? எங்கிட்டச் சொல்லமாட்டியா?" என்கிறாள். போய்விட்டதுதான். இருபத்திரண்டு வருஷம் உழைத்த எண்ணெய்க் கம்பெனி, பத்து நிமிஷ வீடியோ மீட்டிங்கில் போய்வா என்றது. நானே விட்டுவிட்டு விவசாயத்துக்கு வந்தேன் என்று உங்களிடம் பெருமையடித்தேன். நேரில் வந்து, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்றிருந்தேன். உங்கள் சிநேகிதரின் கேமரா முந்திக்கொண்டது. ரொம்ப சந்தோஷம்.

ஆகவே தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், குரூப்பிலிருந்து விலகிவிட்டேன். இனிமேல் வீடியோ கால் எடுக்க மாட்டேன். தைப் பூசத்துக்கும் வரவில்லை. ஆடு வளர்க்க எனக்குத் தெரியும், தெரியாததை யூடியூப் சொல்லித் தரும். அண்ணிக்கு என் நமஸ்காரம். தங்களுக்கு நீண்ட ஆயுளும் குறைந்த டேட்டாவும் ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பண்ணையாள்,
வேலுமணி

பி.கு. (சனிக்கிழமை): உறையை ஒட்டுவதற்குள் இதை எழுத வேண்டியதாயிற்று. இன்று காலை கறுப்பாட்டுக்குப் பிரசவத்தில் குட்டியின் தலை மட்டும் வெளியே வந்தது, முன்கால் இரண்டும் உள்ளேயே மடங்கிக்கொண்டன. கால்நடை டாக்டர் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். யூடியூபில் முதலில் விளம்பரம் வந்தது. ஜலஜாதான் என்னைக் கேட்காமல் உங்களைக் கூப்பிட்டாள். "இழுக்காதடா! கையில எண்ணெயத் தடவு. தலைய மெதுவா உள்ள தள்ளிட்டு ஒவ்வொரு காலாப் புடி. பயப்படாத சாமி, நான் இருக்கறேன்" என்றீர்கள். பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. இரண்டு குட்டிகள், இரண்டும் சுகம்.

எனக்குத் தெரியாதது ஒன்று. நீங்கள் அப்போது கல்யாணப் பந்தியில் இருந்தீர்களாம். பாதி இலையில் எழுந்து போய், மண்டபத்துக்கு வெளியே ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினீர்களாம், சண்டை என்று பெண்வீட்டார் ஓடி வந்தார்களாம். அண்ணி சொன்னார். நீங்கள் சொல்லவில்லை.

மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். தைப் பூசத்துக்கு மூன்று டிக்கெட் போட்டாயிற்று. கொட்டகையில் வைஃபை போட ஆள் வருகிறான். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப் பத்து நாளாகும், அதுவரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். தாயாடு இன்னும் தீவனத்தைத் தொடவில்லை.