பாசிலியின் பின்னால் வந்த பூனைகள்

அந்த வெள்ளிக்கிழமை மாலை என் தம்பி பாசிலியின் கூடத்தில் இருந்தவர்கள்: பாசிலி, அவன் மனைவி தஹானி, மகள் ஈரினி, அவளுக்கு நிச்சயம் பேசியிருந்த கராஸ், அவன் தகப்பனார் லபீப், தாயார் மத்லீன், குடும்பத்தின் மூத்தவன் என்ற முறையில் நான். அழையாமல் வந்த மூன்று பூனைகளை நான் சேர்க்கவில்லை. எதிர்வீட்டு ஃபிக்ரியா அங்கே இல்லை. எகிப்தில் எங்கள் மின்யா நகரம் முழுக்க இந்தக் கதையைச் சொல்லித் திரிகிறவள் அவள்தான் என்பதால் இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

பாசிலி மின்சார அலுவலகத்தில் எழுத்தர். வருடம் முழுவதும் சாதாரண மனிதன். கிறிஸ்தவர்களாகிய எங்கள் பெரிய நோன்பு வந்தால் மட்டும் தியாகியாகிவிடுவான். இறைச்சி இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை என்பதை நாங்கள் எல்லோரும்தான் அனுசரிக்கிறோம். அவன் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். "தலை சுத்துது," என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொல்வான்.

அந்த வருடம் நோன்புக்கு முந்தைய ஞாயிறன்று கோவிலில் வழக்கமான வேதப்பகுதி வாசிக்கப்பட்டது. நோன்பிருக்கும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்ளாதே, தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவு, நீ நோன்பிருப்பது மனிதர் கண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்று வரும் பகுதி. வாசித்து முடித்த அபூனா, எங்கள் குருவானவர், நேராகப் பாசிலியைப் பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடித்தான் பார்த்தார் என்பது என் கருத்து. பாசிலி அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"தஹானி, இந்த வருஷம் நான் நோன்பு இருக்கறது ஒரு உயிருக்கும் தெரியக் கூடாது. நீயும் வாயைத் திறக்கக் கூடாது."

"ஊரே நோன்பு இருக்கு. இதுல என்னத்த ஒளிக்கப் போறீங்க?"

"அதெல்லாம் எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல."

மறுநாள் தலை நிறைய எண்ணெயும் கன்னத்தில் வாசனைத் தைலமுமாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு அவன் அலுவலகம் போனான். பக்கத்து நாற்காலி ஷுக்ரி முஸ்லிம். பாசிலியின் நோன்பு முனகல்களைப் பல வருடங்களாகக் கேட்டுப் பழகியவன். அவனுக்குத்தான் முதலில் பொறுக்கவில்லை.

"என்னப்பா, முகத்துல இவ்ளோ வெளிச்சம்? உங்க நோன்பு இன்னைக்கு ஆரம்பம்தானே?"

"ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கேன்."

"அது இல்ல. நீ நோன்பா, இல்லையா?"

பாசிலி சிரித்தான்.

"விட்டுட்டியா! பாவி மனுஷா! வயசான காலத்துல என்ன புத்தி இது?" ஷுக்ரி அரை நாள் அவனுக்குப் புத்தி சொன்னான். சாயங்காலம் மனம் இளகிவிட்டது. ஏதோ வியாதி போலிருக்கிறது, வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறான் என்று தானாகவே முடிவுசெய்துகொண்டான். மறுநாளிலிருந்து தன் காசில் பாசிலிக்கும் சேர்த்து ஈரல் வறுவல் வைத்த ரொட்டி வரவழைக்கத் தொடங்கினான்.

வேண்டாம் என்றால் காரணம் கேட்பான். காரணம் சொன்னால் நோன்பு வெளியாகிவிடும். "இப்பப் பசி இல்ல, வீட்டுல வெச்சு சாப்பிட்டுக்கறேன்," என்று சொல்லிப் பாசிலி பொட்டலத்தை வாங்கிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தெருமுனையில் யாரும் பார்க்காதபோது ஈரலைப் பூனைகளுக்குப் போட்டான்.

பூனைகளுக்கு ஞாபகசக்தி அதிகம். சில நாட்களில் அவை அவனுக்காகத் தெருமுனையில் காத்திருக்க ஆரம்பித்தன. பிறகு வீடுவரை வந்தன. அவற்றை ஏமாற்ற அவன் பாதையை மாற்றினான். புதுப் பாதையில் இருந்த பூனைகளும் சேர்ந்துகொண்டன. வாடை போக இன்னும் கொஞ்சம் தைலம் பூசினான். ஈரலும் ரோஜாவும் கலந்த அந்த வாசனை அவன் வருவதற்கு முன்பே வீட்டுக்குள் வந்தது. ஞாயிறன்று அவன் கோவில் முற்றத்தில் நுழைந்தபோது பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது.

"மனுஷன் பொய் சொல்லுவான். பூனை சொல்லுமா?" என்றாள் ஃபிக்ரியா. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் பெண்கள் பகுதியின் கடைசி வரிசைவரை கேட்டது.

எனக்கும் கேட்டது. அன்றே தம்பி வீட்டுக்குப் போனேன்.

"பாசிலி, ஒரே வார்த்தை. நீ நோன்பா, இல்லையா?"

"அதை மட்டும் கேக்காதீங்க அண்ணே."

"நம்ம குடும்பத்துல நோன்பை மீறினவன் ஒருத்தன்கூடக் கிடையாது. தாத்தா ஜன்னி வந்து கிடந்தப்பவும் ஒரு சொட்டுப் பால் குடிக்கல."

"தெரியும் அண்ணே. வருஷா வருஷம் சொல்றீங்க."

"அப்ப வாயைத் திறந்து சொல்லு!"

"சொன்னா பலன் போயிடும்."

தஹானி சமையலறை வாசலில் நின்று தலையிலடித்துக்கொண்டாள். "பெரியவரே, ரெண்டு வாரமா இவர் என்ன சாப்பிடறார்னு நான் சொல்லவா?"

"தஹானி!" என்று பாசிலி கத்தினான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஈரினி கல்யாணம் நின்னுபோனா?" என்று கேட்டேன்.

தம்பியின் முகம் வெளுத்தது. அவனுக்கு இருப்பது ஒரே மகள். நோன்பு முடிந்து உயிர்ப்புப் பெருவிழா ஆனதும் மோதிரம் மாற்றுவதாகப் பேச்சு. ஈரினிக்கும் கராஸை மிகவும் பிடித்திருந்தது. சம்பந்தி லபீப் சாதாரண ஆளா? நகைக்கடைக்காரர், கோவிலில் மூத்த திருத்தொண்டர். நோன்பில் பால் சேர்த்த மிட்டாயைத் தின்ற ஒரு பையனைப் பாடகர் குழுவிலிருந்து வெளியே அனுப்பியவர்.

மறுநாளே அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு வருகிறாராம். ஒரு விஷயம் நேரில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டுமாம்.

"முடிஞ்சது. மோதிரத்தைத் திருப்பிக் குடுக்க வராங்க," என்றாள் தஹானி.

"இன்னும் மோதிரமே போடலையேம்மா," என்றாள் ஈரினி. சிரிக்க முயன்றவள் அழுதுவிட்டாள்.

வாயால் சொல்லக் கூடாதென்றால் மேசை சொல்லட்டும் என்று நான் உத்தரவு போட்டேன். தஹானி அவித்த மொச்சை, மொச்சை வடை, எண்ணெயில் செய்த இலைச் சுருள், எள் அல்வா என்று நிரப்பிவைத்தாள். பார்க்கிறவனுக்கு இது நோன்பு வீடு என்று உடனே தெரியும். பூனைகளை நானே துடைப்பத்தால் விரட்டினேன்.

லபீப் வந்தார். முகம் வாடியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. நோன்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று எனக்கு மரியாதை கூடியது. கதவைச் சாத்துவதற்குள் அவர் காலோடு காலாக மூன்று பூனைகளும் உள்ளே வந்துவிட்டன. பாசிலியை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லபீப் உட்கார்ந்ததும் ஒன்று அவர் மடியில் ஏறியது. இன்னொன்று கோட்டைப் பிடித்துத் தொங்கியது.

"மன்னிக்கணும் சம்பந்தி, மரியாதை தெரியாத ஜென்மங்க," என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு அவமானப்பட்டதில்லை.

"பரவால்ல, பரவால்ல," என்று சொல்லி அவர் கோட்டை இறுக்கிக்கொண்டார். மேசையை ஒருமுறை பார்த்தார். முகம் இன்னும் வாடியது. "பாசிலி, சுத்தி வளைக்காம கேக்கறேன். ஊர்ல சொல்றாங்க, நீங்க நோன்பு நாள்ல கறி சாப்பிடறீங்கன்னு. நிஜமா?"

பாசிலி என்னைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். பிறகு ஈரினியைப் பார்த்தான்.

"இல்ல சம்பந்தி!" அவன் குரல் உடைந்துவிட்டது. "முதல் நாள்லேர்ந்து நோன்புதான். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். என் மகளுக்காகச் சொல்லிட்டேன். பலன் போனா போகட்டும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குடும்ப மானம் தப்பியது.

"நோன்பா?" என்றார் லபீப். "நிச்சயமாவா? கொஞ்சம்கூடக் கறி கிடையாதா?"

"ஒரு துணுக்குக்கூட இல்ல."

லபீப் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். கராஸ் தரையைப் பார்த்தான். அதுவரை பேசாமல் இருந்த மத்லீன் பெருமூச்சு விட்டாள்.

"போச்சு! வயித்துல ஆபரேஷன் ஆனதுலேர்ந்து டாக்டர் இவரை வேளா வேளைக்குக் கறி சாப்பிடச் சொல்லியிருக்கார். அபூனாவும் அனுமதி குடுத்துட்டார். ஆனா மிட்டாய்க்காகப் பையனைத் துரத்தின மனுஷன் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சாப்பிடுவார்? வீட்டுல என் மாமியார் அழுவாங்க, கடையில வேலைக்காரங்க பாப்பாங்க. கார்ல ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடறார். சம்பந்தி வீட்டுலயாவது நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம்னு எவ்ளோ ஆசையா வந்தார்!"

முதலில் சிரித்தவள் ஈரினி. அடுத்தது கராஸ்.

பாசிலி எழுந்துபோய் ஒரு காலித் தட்டைக் கொண்டுவந்து லபீபின் முன் வைத்தான்.

"தினமும் இங்க வந்துடுங்க சம்பந்தி. எலும்பு என் வீட்டுக் குப்பையில கிடக்கட்டும். நான்தான் தின்னேன்னு ஊர் ஏற்கெனவே முடிவு பண்ணிடுச்சு."

"அப்ப உங்க பேரு?" என்று தழுதழுத்தார் லபீப்.

"அது போய் ரெண்டு வாரமாச்சு."

நான் ஆட்சேபித்தேன். யாரும் கேட்கவில்லை.

உயிர்ப்பு விழா முடிந்ததும் நிச்சயம் சிறப்பாக நடந்தது. லபீப் உடல் தேறி இப்போது எங்களோடு நோன்பிருக்கிறார். பாசிலி பழையபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், யாரும் நம்புவதில்லை. அந்த நோன்பு வெள்ளியன்று எங்கள் குடும்பத்துச் சமையலறையில் கோழி வெந்தது என்று ஃபிக்ரியா இன்றும் சொல்கிறாள். பாசிலி மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன். எங்கள் சமையலறையில் கோழி வேகவில்லை. அது வெந்தே வந்தது, சம்பந்தியின் கோட்டுப் பையில்.